பகீரா வார்டனா? எதிரணிக்கு ஒரு பதில்

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் எதிரணித் தலைவி ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். அதை எடுத்துப் போடாமல் என்னால் அடுத்த வரி பேச முடியாது.

தலைப்பு என்ன? 1967-ல் வந்த 'தி ஜங்கிள் புக்' கார்ட்டூன் படத்தில் ஓநாய்கள் வளர்த்த மனிதப் பையன் மோக்லியைக் கரைசேர்த்தது பாலுவின் செல்லமா, பகீராவின் கண்டிப்பா? அம்மா, பாலு கரடிக்காகப் பேசினீர்கள். அருமையாகப் பேசினீர்கள். பாலு பாடுகிற பாட்டை நீங்களும் பாடிக் காட்டினீர்கள். ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன பாட்டு, யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடிக்கும். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே: "பகீரா ஒரு ஹாஸ்டல் வார்டன். தூங்கு, எழுந்திரு, நட, பேசாதே. அந்தச் சிறுத்தைக்கு வேறு வசனமே கிடையாது." அவையே சிரித்தது. நடுவரும் சிரித்தார், நான் பார்த்தேன்.

நடுவர் அவர்களே, எனக்குக் கொடுத்த நேரம் முழுவதும் இந்த ஒரு வார்த்தைக்கே போனாலும் பரவாயில்லை. வார்டனாம்! சரி, அந்த வார்டனைக் கொஞ்சம் பார்ப்போம்.

படம் எங்கே தொடங்குகிறது? ஆற்றோரம் ஓர் உடைந்த படகு. அதில் ஒரு கூடை. கூடைக்குள் கைக்குழந்தை. பகீரா எட்டிப் பார்க்கிறான். பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறான். சிறுத்தைக்கு மனிதக் குழந்தையால் என்ன ஆகப்போகிறது? பின்னால் குழந்தை அழுகிறது. கால் நின்றுவிடுகிறது. அழுகை கேட்டும் போயிருக்கலாம், யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. போகவில்லை. எந்த வார்டன் அம்மா ஆற்றங்கரையில் அனாதைக் குழந்தையைத் தேடி எடுத்து விடுதியில் சேர்த்திருக்கிறார்?

அப்புறம் என்ன செய்கிறான்? குழந்தைக்குப் பால் வேண்டும். தன்னிடம் இல்லை. குட்டி போட்ட ஓநாய்க் குடும்பம் ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியும். கூடையை வாயில் கவ்விக்கொண்டு போய் அந்தக் குகை வாசலில் வைக்கிறான். இங்கேதான் கவனிக்க வேண்டும். குழந்தை இப்போது அழுகையை நிறுத்திவிட்டது, சமர்த்தாக இருக்கிறது. சமர்த்தாக இருந்தால் உள்ளே இருக்கிற ஓநாய்களுக்கு எப்படித் தெரியும்? பகீரா கூடையை ஒரு தட்டுத் தட்டுகிறான். குழந்தை வீறிட்டு அழுகிறது. இவன் மறைவில் போய் நின்றுகொண்டு, யார் வந்து எடுக்கிறார்கள் என்று பார்க்கிறான். குழந்தைக்கு ஒரு தாய் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் குழந்தையை அழவைத்தான் நடுவர் அவர்களே! எங்கள் அணியின் கட்சி முழுவதும் அந்தக் காட்சியில் இருக்கிறது. நான் இப்போதே உட்கார்ந்துவிடலாம். உட்கார மாட்டேன்.

பத்து மழைக்காலம் போகிறது. அந்தப் பத்து மழைக்காலமும் வளர்ப்பது ஓநாய்கள். ஆனால் பையன் எப்படி இருக்கிறான் என்று அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போவது யார்? பகீரா. மனிதர்களை வெறுக்கிற ஷேர்கான் புலி திரும்பி வருகிறது என்று தெரிந்ததும் ஓநாய்க் கூட்டம் பாறைமேல் கூடி, பையன் வெளியேறியே ஆக வேண்டும் என்று முடிவு செய்கிறது. அவனைத் தனியாக எப்படி அனுப்புவது என்று வளர்த்த தகப்பன் ஓநாய் தவிக்கிறபோது, மனிதர்கள் இருக்கிற ஊருக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மரத்திலிருந்து இறங்கி வருவது யார்? அதே பகீரா. அந்த நேரத்தில் பாலு எங்கே இருந்தார்? இன்னும் படத்துக்குள்ளேயே வரவில்லை!

பாலு வந்த பிறகாவது என்ன நடக்கிறது? ஆற்றில் பாலு மல்லாந்து மிதக்கிறார். அவர் வயிற்றின்மேல் பையன். பாட்டு ஓடுகிறது. எவ்வளவு சுகமான காட்சி! குரங்குகள் வருகின்றன. பையனைத் தூக்கிக்கொண்டு போகின்றன. பாசம் மிதந்துகொண்டே இருந்தது, பையன் போய்விட்டான். பாலு உடனே என்ன செய்தார்? "பகீரா!" என்று கத்தினார். யாரைக் கூப்பிட வேண்டும் என்று பாலுவுக்கே தெரிந்திருக்கிறது. எதிரணிக்குத்தான் தெரியவில்லை.

குரங்குகள் தூக்கிப்போன இடிந்த கோட்டையிலிருந்து பையனை மீட்கத் திட்டம் போடுவது பகீரா. திட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேளச்சத்தத்துக்குக் கால் ஆடத் தொடங்கி, உள்ளே போய் ஆட்டத்தில் கலந்துவிடுகிறவர் பாலு. நான் பாலுவைக் குறைசொல்லவில்லை. பாலு நல்லவர். குழந்தைகளுக்குப் பாலு வேண்டும். ஆனால் தலைப்பு 'யாரோடு விளையாடலாம்' என்பதில்லை. 'யார் கரைசேர்த்தார்' என்பது.

அம்மா இன்னொரு குறிப்பும் கொடுத்தார்கள். முதலில் பாலுவுக்குச் சின்ன வேடம்தான் இருந்தது, ஃபில் ஹாரிஸ் வந்து குரல் கொடுத்த விதத்தைப் பார்த்து வால்ட் டிஸ்னியின் ஆட்கள் அந்த வேடத்தைப் பெரிதாக்கினார்கள், அதனால் பாலுதான் படம் என்றார்கள். தகவல் சரி. ஆனால் குரல் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டீர்கள் அல்லவா, இன்னொரு குரலின் கதையை நான் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் மேடைக்கே வந்தேன்.

படத்தில் மோக்லிக்குக் குரல் கொடுக்க முதலில் ஒரு பையனைப் போட்டார்கள். கார்ட்டூன் படம் சட்டென்று முடிகிற வேலை இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு அசைவையும் கையால் வரைய வேண்டும், வருஷக்கணக்கில் ஆகும். இவர்கள் வரைந்துகொண்டே இருக்கிறார்கள். பையன் என்ன செய்தான்? வளர்ந்தான்! வேறென்ன செய்வான்? ஒருநாள் ஒலிப்பதிவுக்கு வந்து வாயைத் திறந்தால் குரல் உடைந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். காகிதத்தில் இருக்கிற மோக்லிக்கு வயது ஏறாது. பென்சில் வைத்திருக்கிறவர் நினைத்தால் அந்தப் பையனை எத்தனை வருஷமானாலும் அப்படியே நிறுத்திவைக்கலாம். மூக்கு அப்படியே, தலைமுடி அப்படியே, இடுப்பில் அந்தச் சிவப்புத் துணி அப்படியே. டிஸ்னி ஸ்டூடியோ, உலகத்திலேயே கைதேர்ந்த ஓவியர்கள் உட்கார்ந்திருந்த இடம், எதை வேண்டுமானாலும் நிறுத்திவைப்பார்கள். ஒரு பையனின் தொண்டையை நிறுத்திவைக்க முடியவில்லை!

சரி, இயக்குநர் என்ன செய்தார்? வுல்ப்கேங் ரைதர்மேன் என்பது அவர் பெயர். தன் சொந்த மகன் புரூஸை அழைத்து வந்து மைக் முன்னால் நிறுத்தினார். இன்றைக்கு நாம் கேட்கிற மோக்லி அந்தப் பையன்தான். ஒரு பையனின் குரல் உடைந்ததைக் கண்ணெதிரே பார்த்த அப்பா, தன் மகனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். இந்தக் குரலும் ஒருநாள் உடையும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அந்த மகன் அப்புறம் வளர்ந்து என்ன ஆனார் தெரியுமா? காட்டுயிர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவர் ஆனார். மோக்லியாகப் பேசியவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு விலங்குகளைத் தேடிப் போனார்!

ஏன் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? பாலு சொல்வது என்ன? நீ இங்கேயே இரு, உன்னைக் கரடியாகவே வளர்க்கிறேன் என்கிறார். பகீரா சொல்வது என்ன? நீ மனிதப் பிள்ளை, வளர்கிறாய், உன் இடத்துக்குப் போக வேண்டும் என்கிறான். அந்த ஸ்டூடியோவில் உடைந்த தொண்டை யார் பக்கம் சாட்சி சொன்னது? எங்கள் பக்கம் நடுவர் அவர்களே!

வார்டன் கதைக்குத் திரும்புகிறேன். கோட்டையிலிருந்து மீட்டு வந்த அன்றிரவு, பையன் தூங்குகிறான். பகீரா பாலுவைத் தனியே உட்காரவைத்து ஷேர்கானைப் பற்றிச் சொல்கிறான். பாலுவுக்கு முகம் தொங்கிப்போகிறது. மறுநாள் காலையில், நீ ஊருக்குப் போகத்தான் வேண்டும் என்று பாலுவே தன் வாயால் பையனிடம் சொல்கிறார். அதற்கு மோக்லி என்ன சொல்கிறான்? நீயும் அந்தப் பகீரா மாதிரியே பேசுகிறாய் என்கிறான்! அம்மா, உங்கள் கட்சித் தலைவரே பாதிப் படத்தில் எங்கள் அணிக்கு வந்துவிட்டார். வார்டன் பட்டத்தை இப்போது யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?

இன்னொன்று. இந்தக் கதையை நமக்குச் சொல்வது யார்? படம் தொடங்கியதும் கேட்கிற அந்தக் குரல் யாருடையது? பகீராவுடையது. தான் சொல்கிற கதையில் ஒருவன் தன்னை எவ்வளவு பெரிய வீரனாகக் காட்டிக்கொள்ளலாம்! பகீரா என்ன செய்தான்? மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்ட பையனை இழுக்கப் போய்த் தான் தண்ணீரில் விழுந்ததையும், மலைப்பாம்பு கா தன்னையே மயக்கியதையும், கோபத்தில் பையனைத் தனியே விட்டுப் போனதையும், ஒன்று விடாமல் காட்டவிட்டான். நல்ல பாட்டை எல்லாம் பாலுவுக்குக் கொடுத்தான். பகீராவைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள் என்றால், சிரிக்கவைத்ததும் பகீராதான்.

அம்மா கடைசியில் புத்தகத்தையும் திறந்தார்கள். 1894-ல் வந்த, எழுத்தாளர் கிப்ளிங்கின் மூலப் புத்தகத்தில் பாலுதான் கண்டிப்பான ஆசிரியர், பகீராதான் செல்லம் கொடுப்பவன் என்றார்கள். உண்மை. டிஸ்னியே தன் கதையாசிரியரிடம் இந்தப் புத்தகத்தை முதலில் படிக்காதே என்று சொன்னாராம். தலைப்பு படத்தைப் பற்றியது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். தப்பிக்க மாட்டேன். புத்தகத்துக்கே போகலாம் வாருங்கள்.

மத்திய இந்தியாவின் சியோனி மலைக்காடு. ஓநாய்ச் சபை. இந்தக் குழந்தை நம்மோடு இருக்கலாமா என்று கேள்வி. தாய் தகப்பன் தவிர இருவர் குழந்தைக்காகப் பேச வேண்டும், அதுதான் சட்டம். பாலு பேசுகிறார். ஓநாய்க் குட்டிகளுக்குப் பாடம் சொல்பவர் என்பதால் அவருக்குப் பேச உரிமை உண்டு. இரண்டாவது ஆள் இல்லை. பகீரா எழுந்து வருகிறான். அவனுக்கு அந்தச் சபையில் பேச உரிமையே கிடையாது. அவனே அதைச் சொல்கிறான். ஆனால் சட்டத்தில் குட்டியின் உயிரை விலை கொடுத்து வாங்க இடம் உண்டு. அப்போதுதான் அடித்த கொழுத்த காளை ஒன்றைக் கொடுத்து, அந்தக் குழந்தையின் உயிரை வாங்குகிறான். உரிமை இருந்த பாலு பேசினார். உரிமை இல்லாத பகீரா விலை கொடுத்தான்.

அவன் தாடைக்கு அடியில் முடியில்லாத ஓர் இடம் இருக்கிறது. கழுத்துப்பட்டை உரசிய தழும்பு. பகீரா காட்டில் பிறந்தவன் இல்லை நடுவர் அவர்களே. உதய்ப்பூர் அரண்மனைக் கூண்டில் பிறந்தவன். அவன் தாய் அந்தக் கூண்டிலேயே செத்துப்போனாள். கம்பிக்குப் பின்னால் இரும்புத் தட்டில் போட்டதைத் தின்று வளர்ந்து, ஒருநாள் பூட்டை ஓர் அடியில் உடைத்துக்கொண்டு வெளியே வந்தவன். காட்டில் ஒருவருக்கும் தெரியாது. மோக்லியிடம் மட்டும், தொட்டுப் பார் என்று அந்தத் தழும்பைக் காட்டுகிறான். மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? அவன்தான் அந்தப் பிள்ளையிடம் சொல்கிறான்: நான் என் காட்டுக்கு வந்த மாதிரி, நீயும் ஒருநாள் உன் மனிதர்களிடம் போகத்தான் வேண்டும். தன் தாயைக் கூண்டில் சாகவிட்டவர்களிடம், தான் காளை கொடுத்து உயிரை வாங்கிய பிள்ளையை அனுப்ப எவ்வளவு பெரிய மனது வேண்டும்! இதையா கண்டிப்பு என்று நாம் தலைப்பு வைத்தோம்?

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு காட்சி. படத்தின் கடைசியில் ஷேர்கானோடு போராடிய பாலு அசையாமல் கிடக்கிறார். செத்துவிட்டார் என்று நினைத்து மோக்லி அழுகிறான். பகீரா அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, பாலு விழுந்த இந்த இடம் காட்டில் என்றைக்கும் புனிதமான இடம் என்கிறான். நண்பனுக்காக உயிரைக் கொடுத்தவன் என்கிறான். கண்ணை மூடிக் கிடந்த பாலுவுக்கே அதைக் கேட்டுக் கண்ணீர் வருகிறது. அம்மா, இன்றைக்கு இந்த மேடையில் பாலுவைப் பற்றி நீங்கள் பேசினீர்கள், உங்கள் அணியில் இன்னும் இருவர் பேசப்போகிறார்கள். பாலுவைப் பற்றி இதுவரை யாரும் பேசாத நல்ல பேச்சு பகீரா பேசியதுதான். நடுவர் அவர்களே, தீர்ப்பைப் பகீராவுக்குக் கொடுங்கள். பாலு இங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். நன்றி, வணக்கம்.