ஒரே ஃபில்டர், இருவேறு எண்ணிக்கை

[திரையில்: அருகருகே இரண்டு மடிக்கணினிகள். இரண்டிலும் மென்பொருள் பிழைகளைப் பதிந்து கண்காணிக்கும் ஜிரா.]

குரல்: சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்கு பில் போடும் மென்பொருள் இங்கே தயாராகிறது. குழுத் தலைவர் 'முடியாத பிழைகள்' என்று ஒரு ஃபில்டரை, அதாவது ஒரு தேடலை, சேமித்து எல்லோருக்கும் பகிர்ந்திருக்கிறார். அவர் திரையில் 47 டிக்கெட் (பிழைக்கு ஒன்றாக இடும் பதிவு). சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் திரையில் 41.

"அண்ணா, மீதி ஆறு எங்கே?"

"எங்கேயும் போகவில்லை அம்மா. உனக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்."

[திரையில்: ஃபில்டரின் தேடல் வரி பெரிதாகிறது.]

குரல்: ஃபில்டரில் இருப்பது கேள்வி மட்டுமே. யார் திறக்கிறாரோ அவருடைய அனுமதிகளோடு அது அந்த நொடியில் புதிதாக ஓடும். முதலில், அந்த புராஜெக்டைப் பார்க்கும் அனுமதி வேண்டும்; இல்லையென்றால் ஒரு டிக்கெட்டும் வராது. அதைத் தாண்டினாலும், ஒவ்வொரு டிக்கெட்டிலும் தனியாகப் பாதுகாப்பு நிலை வைக்கலாம். கடவுச்சொல் கசிவு போன்ற அந்த ஆறு பிழைகளும் மூத்தவர்களுக்கு மட்டும் என்று பூட்டப்பட்டவை. பட்டியலின் மேலே வரும் மொத்த எண்ணிக்கையும் பார்க்க முடியாதவற்றைக் கழித்த பிறகு வருவதுதான்.

[திரையில்: சிவப்புப் பிழைச் செய்தி.]

குரல்: பார்க்க அனுமதியில்லாத புராஜெக்டின் பெயரைத் தேடலில் எழுதிப் பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று ஜிரா சொல்லாது. அப்படி ஒரு மதிப்பே கிடையாது என்று சாதிக்கும். எழுத்துப்பிழையோ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வோர் உண்டு. ஆனால் இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. 'அனுமதி இல்லை' என்றாலே உள்ளே ஏதோ இருப்பதைக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமே! (118க்குப் பிறகு 120 என்று டிக்கெட் எண் தாவினால் கூர்மையான கண்ணுக்குச் சந்தேகம் வரும். நீக்கப்பட்டதாகவோ வேறு புராஜெக்டுக்கு மாற்றப்பட்டதாகவோகூட இருக்கலாம்.)

ஜிராவின் நிர்வாகி என்பதாலேயே எல்லா டிக்கெட்டும் தெரிந்துவிடாது. இது பலருக்கு அதிர்ச்சி.

ஜிரா போன்ற இன்னொரு மென்பொருளான ரெட்மைனில், எவை தெரியும் என்பது பயனருக்குக் கொடுத்த பொறுப்போடு வருகிறது: எல்லா டிக்கெட்டுகளும், தனிப்பட்டவை நீங்கலாக எல்லாம், தான் பதிந்ததும் தனக்கு ஒதுக்கப்பட்டதும் மட்டும். அதே வகையான பக்ஸில்லாவில் பயனர் குழுக்கள் வழியாகப் பூட்டுகிறார்கள்.

[திரையில்: திங்கட்கிழமை அறிக்கை.]

குரல்: உண்மையான வம்பு தானியங்கி அறிக்கைகளில்தான். வாரந்தோறும் எண்ணிக்கை எடுக்கும் நிரலும் ஏதோ ஒரு பயனர் கணக்கில்தான் நுழைகிறது; அந்தக் கணக்குக்குத் தெரியாத டிக்கெட் அறிக்கையிலும் இராது. பிழைச் செய்தியும் வராது, எண் மட்டும் சத்தமில்லாமல் குறையும். அதனால் எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்தக் கணக்கில் எடுத்தது என்று ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள்.