கை மறக்காத தெரு: வீட்டுக்கு எதிரே ஒரு வாதம்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"சிறுநகரத்துப் பிள்ளைப் பருவத்தில் மனத்தில் ஆழமாகப் பதிந்தது வீடா, தெருவா?" என்பது தலைப்பு. தெரு என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி அம்மாவின் சமையலைச் சொன்னார், பாட்டியின் கதையைச் சொன்னார், அந்தியில் திண்ணையில் ஆடிய பல்லாங்குழியைச் சொன்னார். இவை இல்லாமல் ஒரு பிள்ளைப் பருவமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நடுவர் அவர்களே, எது இனித்தது என்று தலைப்பு கேட்கவில்லை. எது ஆழமாகப் பதிந்தது என்றுதான் கேட்கிறது. ஆழத்தை எதைக் கொண்டு அளப்பது? விவரத்தைக் கொண்டு அளக்கலாம் என்பது என் கட்சி.

கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ வளர்ந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவரிடம் அம்மா வைத்த புளிக்குழம்பைப் பற்றிக் கேளுங்கள். "அந்த ருசி இனி வராதுங்க" என்பார். புளி எவ்வளவு கரைத்தார்கள், எந்தப் பதத்தில் இறக்கினார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அவர் சாப்பிட உட்கார்ந்தவர், அவ்வளவுதான். அவரிடமே பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது எப்படி என்று கேளுங்கள். சொல்வதற்கு முன்னால் அவர் கை காற்றில் சுற்ற ஆரம்பித்துவிடும். சாட்டை நுனியை லேசாக ஈரப்படுத்தி ஆணியடியில் பிடித்து, அங்கிருந்து மேல்நோக்கி ஒரு சுற்றை ஒட்டி அடுத்த சுற்றாக இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறினால் போச்சு, வீசும்போது சாட்டை சிக்கிப் பம்பரம் படுத்துவிடும். சாட்டையின் மறுமுனை முடிச்சு விரலிடுக்கில் இருக்கும். வீசினால் மட்டும் பம்பரம் சுற்றாது, வீசிய கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்க வேண்டும், சுழற்சி அந்த இழுப்பில்தான் பிறக்கிறது. ஆணி நடுவில் இறங்காமல் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் பம்பரம் தலையாட்டும், தத்தித் தத்திக் குதிக்கும். சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிப் பிடிக்கும் அபீட்டில் கடைசியாக வந்தவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைத்தாக வேண்டும், அதன் தலையில் மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் குத்தி ஆக்கர் வைப்பார்கள். இத்தனையும் நாற்பது ஆண்டு கழித்தும் அவரிடம் இருக்கிறது. எழுதி வைத்துப் படித்ததல்ல.

காரணம் எளிது. வீட்டில் பிள்ளைக்கு மற்றவர்கள் செய்தார்கள். தெருவில் பிள்ளையே செய்தது, கெடுத்தது, திரும்பவும் செய்தது.

சித்திரை, வைகாசியில் நுங்கு வந்துவிட்டால் தெருவெல்லாம் வண்டி ஓடும். நுங்கு வண்டியை விளையாட்டுச் சாமான் என்று ஒரு சொல்லில் கடந்து போகாதீர்கள், அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று. சுளை நோண்டி முடித்த இரண்டு காய்கள் வேண்டும். இரண்டும் ஒரே பருமனாக இருக்க வேண்டும், இதில்தான் முதல் தோல்வி வரும். ஒன்று சிறியதாக இருந்தால் வண்டி நேராகப் போகாது, சிறிய காய் இருக்கும் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும். ஒரே அச்சில் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றும்போது சிறியது குறைந்த தூரம்தானே உருளும்! அடுத்து, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உறுதியான குச்சி. அதைக் காயின் நட்டநடுவில் செருக வேண்டும். நடு தவறினால் சக்கரம் ஏறி ஏறி இறங்கும். பிறகு நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு கவைக்கம்பு. கவையை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். கவை ரொம்ப அகலமாக இருந்தால் இரண்டு காயிலும் உரசிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், ரொம்பக் குறுகலாக இருந்தால் அச்சில் இறுகிவிடும். நாலைந்து நாளில் காய் வாடிச் சுருங்கும், துளை தளரும், சக்கரம் கழன்று ஓடும். அப்போது புதுக் காய் தேட வேண்டும். விட்டமும் அச்சும் பாடப்புத்தகத்தில் வருவதற்கு முன்பே பிள்ளையின் கைக்கு வந்துவிட்டன. சொல்லிக்கொடுக்கப் பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லை, பெரும்பாலும் இரண்டு வயது மூத்த அண்ணன் ஒருவன்தான் இருந்தான்.

வாடகை சைக்கிளுக்கு வருகிறேன். கடைக்காரர் நோட்டில் பெயரையும் எடுத்த நேரத்தையும் எழுதிக்கொள்வார். மட்கார்டில் பெயிண்டால் சைக்கிளின் எண் இருக்கும். சின்ன சைக்கிள்கள் ஏற்கெனவே போயிருந்தால் மிஞ்சியது 28 அங்குலச் சக்கரம் கொண்ட பெரியவர் சைக்கிள்தான். பத்து வயதுக் காலுக்கு அந்தச் சீட்டு எட்டாது. அதற்குப் பிள்ளைகள் கண்ட வழி குரங்குப் பெடல். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டை அணைத்தபடி, வலது கால் பாருக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கத்துப் பெடலில். முழுச் சுற்று வராது, பாதி மிதித்துப் பாதி திரும்பும். உடம்பு முழுக்க இடப்பக்கம் தொங்குவதால் சைக்கிளை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்தே ஓட்ட வேண்டும். ஆபத்து நிறுத்தும்போதுதான். வேகம் குறைந்ததும் இடது காலை ஊன்றிவிட்டால் தப்பிக்கலாம். சைக்கிள் வலப்பக்கம் சரிந்தால் கால் பாருக்குள் மாட்டிக்கொள்ளும், உருவ முடியாது. முழங்கால் தழும்புகள் பலவற்றுக்கு மூலம் இதுதான்.

போகிற வழியில் செயின் கழன்றால் என்ன செய்வது என்பதும் தெருக் கல்விதான். முதலில் பின்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தில் செயினை ஏற்று, அடுத்து முன்னால் உள்ள பெரியதன் பற்களில் கொஞ்சம் மாட்டி, பெடலைச் சுற்று, மீதி தானாக ஏறும். அடிக்கடி கழன்றால் பின்சக்கர நட்டு தளர்ந்து சக்கரம் முன்னே நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்கு. மழை பெய்த கரிசல் பாதையில் போனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிச் சக்கரமே சுற்றாது, குச்சி ஒடித்துச் சுரண்டு. பஞ்சர் ஒட்டும் கடையில் நின்று பார்த்தே கற்றார்கள்: தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்து ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. ஒட்டியதும் டயரின் உட்பக்கத்தைத் தடவிப் பார்க்காவிட்டால் அங்கேயே இருக்கும் கருவேல முள் மறுபடி குத்தும்.

எதிரணிச் சகோதரி திண்ணையை வீட்டுக் கணக்கில் எழுதினார். நான் ஒப்ப மாட்டேன். திண்ணைக்குக் கதவு கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அனுமதி கேட்காமல் உட்காரும் இடம் எப்படி வீட்டுக்குள் சேரும்? 14 குழிக்கும் ஐந்து ஐந்தாக 70 முத்து போட்டு ஆடிய பல்லாங்குழியில் எதிரே உட்கார்ந்தவள் எதிர்வீட்டுக்காரி. அந்த ஆட்டம் தெருவுக்குத்தான் சேரும்.

அவர் இன்னொன்றும் கேட்டார்: பெண் பிள்ளைகளுக்குத் தெரு ஏது? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்ததும் அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள், அது அநீதி. இன்னும் சொல்கிறேன், எல்லாத் தெருவும் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் திறந்திருக்கவில்லை, அது அதைவிடப் பெரிய அநீதி. ஆனால் இரண்டும் எதைக் காட்டுகின்றன? தெரு அவ்வளவு வேண்டியதாக இருந்தது, அதனால்தான் அதை மறுத்தது அவ்வளவு வலித்தது. கட்டம் போட்டுச் சில்லு ஆடிய பெண்ணிடம் கேளுங்கள், உடைந்த பானையின் ஓட்டுத் துண்டை ஏன் எடுக்க மாட்டாய் என்று. வளைந்திருக்கும், கட்டம் தாண்டி உருண்டுவிடும் என்பாள். சீமை ஓட்டுத் துண்டுதான் தட்டை, விழுந்த இடத்தில் நிற்கும். ஆட்டம் நின்று எத்தனையோ ஆண்டு ஆன பின்னும் அவளுக்கு அது நினைவிருக்கிறது.

கடைசியாக, வீடு என்றாலே தாலாட்டும் தாம்பாளமும் என்பது போல ஒரு சித்திரம் இங்கே வரையப்பட்டது. எங்கள் தெற்கத்திச் சிறுநகரங்களில் அது முழு உண்மை அல்ல. 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றிய பிறகு சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுக்கப் பரவியது. தீப்பெட்டி ஒட்டும் வேலை வீடு வீடாக வந்தது. எண்ணியது குரோசுக் கணக்கில், ஒரு குரோசு என்றால் 144 பெட்டி. அம்மாவோடு உட்கார்ந்து ஒட்டிய பிஞ்சுக் கைகள் எத்தனையோ. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி உற்பத்தியைத் தடைப் பட்டியலில் வைத்தது, ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு அதே சட்டம் விலக்குத் தந்தது. ஆலையில் கூடாது என்ற வேலை வீட்டுக்குள் கூடும் என்றானது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டும் பசை காய்ந்த விரலோடு ஓடிப்போய் நிற்கக் கிடைத்த இடம் வாசலுக்கு வெளியே இருந்தது. அதே தீப்பெட்டி அங்கே வேறு பொருளாக மாறியது. மேல் படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, கிழியாமல் உரித்து, காயவைத்து மாற்றிக்கொண்டார்கள். இரண்டு காலிப் பெட்டியில் நூல் கோத்து டெலிபோன் செய்தார்கள். நூல் விறைப்பாக இருந்தால்தான் குரல் போகும், தொய்ந்தாலும் நடுவில் சுவரில் பட்டாலும் நின்றுவிடும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழருக்கு என் கேள்வி இதுதான். பெரியவர் ஒருவரும் கைபிடிக்காமல், பிள்ளை தானே முயன்று, தானே கெடுத்து, தானே சரிசெய்த ஒரே ஒரு காரியத்தை வீட்டுக்குள்ளிருந்து எடுத்துச் சொல்லுங்கள். அதைச் செய்யும் முறையையும் இந்த மேடையிலேயே படிப்படியாகச் சொல்லிக் காட்டுங்கள். நடுவர் அவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.