பட்டனை அழுத்தினால் கதவை யார் திறப்பார்கள்?

வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். திருச்சியில் வீடு வீடாகப் போய், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்களை எழுப்பி நடக்கவைப்பதுதான் வேலை. பெரியவர்கள் எங்கே விழுந்தார்கள், எப்படி விழுந்தார்கள் என்கிற கதை தினமும் ஒன்றாவது காதுக்கு வரும். தனியாக இருக்கிற அப்பா அம்மாவுக்கு எமர்ஜென்சி பட்டன் வாங்கிக் கொடுக்கிறார்களே, அதில் எதை வாங்குவது என்று பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் பட்டனுக்கு முன்னால் ஒரு தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி, 78 வயது, தனியாக இருக்கிறார். பிள்ளை அமெரிக்காவில். அவர் வாங்கி அனுப்பிய பட்டனை மாமி கழுத்தில் மாட்டியிருந்தார். ஒரு நாள் விடிவதற்கு முன் பின்கட்டில் வழுக்கி விழுந்தார், பட்டனை அழுத்தினார், அதுவும் ஒழுங்காக வேலை செய்தது. பிள்ளைக்குப் போன் போனது, பிள்ளை பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பினார், அவர் இரண்டு நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிட்டார். வந்து என்ன செய்ய? கிரில் கேட்டில் பூட்டு. அதற்குப் பின்னால் தேக்குக் கதவு, உள்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், திருட்டுப் பயத்துக்காக நடுவில் ஒரு இரும்புப் பட்டை வேறு. ஆசாரியைப் பிடித்துக் கூட்டிவந்து கதவைப் பெயர்த்து உள்ளே போக ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் மாமி உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாராம்.

65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வருடத்துக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விழுந்த அடி ஒரு பக்கம் இருக்கட்டும், எழுந்திருக்க முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பதே தனிக் கேடு. உடம்பு பாரம் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திச் சதை நசிந்துபோனால் அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து கிட்னியைக் கெடுக்கும், தோல் புண்ணாகும், உடம்பில் தண்ணீர் வற்றும். பட்டன் யாரையும் விழாமல் தடுக்கப் போவதில்லை, கிடக்கிற நேரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

அதனால் வாங்குவதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். கேட்டுக்கும் கதவுக்கும் மாற்றுச் சாவி நடந்து வருகிற தூரத்தில் யாரிடமாவது இருக்க வேண்டும். தாழ்ப்பாளை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டுக்கு மாறுங்கள், ஆனால் சில பூட்டுகளில் உள்ளே சாவியைச் செருகியே வைத்திருந்தால் வெளியிலிருந்து திறக்காது, கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டுவது அரை நாள் வேலை.

சரி, இப்போது பட்டன். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் கழுத்தில் ஒரு பட்டன், மேஜையில் ஒரு பெட்டி என்று வருவது போதும். பட்டனை அழுத்தினால் பெட்டி போன் போடும், பெட்டியின் ஸ்பீக்கர் வழியாகவே பேசலாம். கோயில், கடைத்தெரு என்று வெளியே போகிறவர்களுக்கு சிம் உள்ளேயே இருக்கிற, இடத்தையும் காட்டுகிற கருவி வேண்டும். எதுவானாலும் தண்ணீர் பட்டால் கெடாததாக இருக்க வேண்டும். ஏனென்றால் நம் ஆட்கள் குளிக்கப் போகும்போது அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள், ஈரத் தரை இருப்பதோ உள்ளே. என்னிடம் சிகிச்சைக்கு இருந்த ஒரு பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார், மகள் வாங்கித் தந்த பட்டனைப் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். "வெலை ஜாஸ்தி சார், பழசாயிடும்" என்றார். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, கடைக்கு அவரையே கூட்டிப்போயிருக்க வேண்டும். கழுத்தா, மணிக்கட்டா, கறுப்புக் கயிறா, வெள்ளிச் சங்கிலியா என்று மாட்டிக்கொள்ளப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

விழுந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் என்று விற்கிறார்களே, அது நல்ல வசதிதான், முழுக்க நம்பாதீர்கள். வேகமாக இறங்கி, பட்டென்று மோதி, பிறகு அசையாமல் இருப்பதைத்தான் அது விழுந்ததாக எடுத்துக்கொள்கிறது. மயக்கத்தில் சுவரோடு சரிந்து மெதுவாக உட்கார்ந்துவிட்டால் கண்டுகொள்ளாமல் போகலாம், சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தால் அலறலாம். ஆப்பிள் வாட்சில் 2018ஆம் வருடம் 4ஆவது சீரிஸிலிருந்து இந்த வசதி வருகிறது, விழுந்து ஒரு நிமிடம் போல அசைவில்லை என்றால் தானே போன் போடும். ஆனால் சாதாரண மாடலில் சார்ஜ், மாடலைப் பொறுத்து, ஏறக்குறைய 18 முதல் 24 மணி நேரம்தான். எல்லோரும் எப்போது சார்ஜ் போடுகிறார்கள்? ராத்திரி. பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவர் தலை கிறுகிறுக்க எழுந்து பாத்ரூம் போவது எப்போது? அதே ராத்திரி. வாட்ச் வாங்கினால் மாலை டிவி பார்க்கிற நேரத்தில் சார்ஜ் போடப் பழக்குங்கள்.

அப்புறம் சிம். ப்ரீபெய்டு சிம்மைப் போட்டுக் கொடுத்துவிட்டு 28 நாள் கழித்து ரீசார்ஜ் பண்ண மறந்துபோனால் பட்டன் வெறும் டாலர்தான். மலிவாகக் கிடைக்கிற பல கருவிகள் 2ஜியில் ஓடுபவை, ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் பேசாது. வைஃபையை நம்பி ஓடுகிற பெட்டி என்றால், கரண்ட் போனதும் மோடம் செத்துவிடும், அதற்கும் பேட்டரி வேண்டும். இதெல்லாம் கடைக்காரர் சொல்ல மாட்டார். மாதச் சந்தா கட்டி கால் சென்டரோடு வருவதை வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை அவர்கள் நம்பருக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்கிறவர் தமிழில் பேசுகிறாரா என்றும் தெரிந்துவிடும்.

போன் யாருக்குப் போக வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளையை முதல் நம்பராக வைக்காதீர்கள். அவர் எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயில் எடுக்கும், 'ஆள் எடுத்துவிட்டார்' என்று நினைத்துக்கொண்டு அடுத்த நம்பருக்கே போகாத கருவிகள் உண்டு. சாவி வைத்திருப்பவர் முதலில், தெருவில் இன்னொருவர் இரண்டாவது, பிள்ளைகள் கடைசியில். இவர்கள் எல்லோரும் கருவியின் நம்பரைப் பெயர் போட்டுச் சேமித்து, சைலண்டில் இருந்தாலும் அடிக்கும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் லோன் வேண்டுமா என்று கேட்கிறவன் என நினைத்துக் கட் செய்துவிடுவார்கள். 108-ஐ உள்ளூர்க்காரரே கூப்பிடட்டும். பெங்களூரிலிருந்து நீங்கள் 108 போட்டால் கர்நாடக ஆம்புலன்ஸ் சென்டர்தான் எடுக்கும்.

இவ்வளவு செலவுக்கு வழியில்லை, மாடியிலேயே மகன் இருக்கிறான் என்றால், எலக்ட்ரிக் கடையில் ஒயர் இல்லாத காலிங் பெல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மணியை மாடியில் வைத்துவிட்டு, சுவிட்சைப் பாத்ரூம் சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், தண்ணீர் தெறிக்காத மூலையில் ஒட்டிவிடுங்கள். நின்றுகொண்டு எட்டுகிற உயரத்தில் ஒட்டினால், விழுந்தவருக்கு எட்டாது.

மாமி கதைக்கு வருகிறேன். கதவு மாறிவிட்டது, சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஆனால் அதற்கப்புறம் இரண்டு தடவை பட்டன் தவறிப்போய் அழுந்தி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். இரண்டாவது தடவை அவர் ஏதோ முணுமுணுத்தாராம். அத்தோடு மாமி அதைக் கழற்றி சுவாமி அலமாரியில் வைத்துவிட்டார். நான் அவரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தேன். இப்போது மாதம் முதல் தேதி காலை ஏழு மணிக்கு மாமியே வேண்டுமென்று பட்டனை அழுத்துவார், பக்கத்து வீட்டுக்காரர் தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். சிம், சார்ஜ், சாவி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். போன முதல் தேதி ஏழு மணிக்கு நானும் அங்கே இருந்தேன், கதவு திறக்க மூன்றரை நிமிடம் ஆனது. "காபி ஆறிடுத்து" என்றார் மாமி.

வணக்கம்.