பெட்டிக்குள் செடி ஆடக் கூடாது

வணக்கம் நண்பர்களே. அஞ்சலில் செடி வந்த இந்தப் பெட்டியைத் திறந்ததுமே அழுகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அனுப்பியவர் அக்கறையோடுதான் செய்திருக்கிறார். ஆனால் வேரைச் சொட்டச் சொட்ட நனைத்த காகிதத்தில் சுற்றி, இலை நுனி வரை பிளாஸ்டிக் உறையை இழுத்துவிட்டு, அதற்கு மேல் டேப்பையும் இறுக்கியிருக்கிறார். ஈரமும் இருட்டும் தேங்கிய காற்றும் ஒன்றுசேர்ந்தால் சாம்பல் பூஞ்சை குடியேறாமல் என்ன செய்யும்?

வேருக்கு ஈரம் வேண்டும், இலைக்கு உலர்வு வேண்டும் என்பதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். நீரைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசியை ஊறவைத்து, இனி ஒரு சொட்டும் விழாது என்னும் அளவுக்குக் கையால் பிழிந்த பிறகே வேரைச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேர்ப்பகுதியோடு நின்று, தண்டின் அடியில் தளர்வாகக் கட்டப்பட வேண்டும். இலைகளுக்கு உலர்ந்த செய்தித்தாள் போதும். பபுள் ராப்பை இலை மீது நேரடியாகச் சுற்றுவது எனக்கு அறவே பிடிக்காது, ஏனெனில் இலை வெளியிடும் நீராவி அதன் உட்புறத்தில் துளியாகி மீண்டும் இலை மீதே வழிகிறது.

அந்தக் காலத்தில் கப்பலில் செடி அனுப்பிய ‘வார்டு பெட்டி’ என்னும் மூடிய கண்ணாடிப் பெட்டியில் ஈரம் உள்ளேயே சுழன்றும் செடி பிழைத்ததே என்று சிலர் கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு 1833-இல் அத்தகைய பெட்டிகளில் லண்டனிலிருந்து சிட்னிக்கு அனுப்பிய பெரணிகள் மாதக்கணக்கான கடற்பயணத்தைத் தாங்கின என்பது உண்மை. ஆனால் அந்தக் கண்ணாடி வழியே வெளிச்சம் உள்ளே போனது, நம் அட்டைப்பெட்டியில் அது கிடையாது.

இப்போது டேப்புக்கு வருகிறேன், இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. தொட்டியோடு அனுப்பும்போது மண்ணின் மேல் அட்டைத்துண்டை வைத்து, தொட்டியின் விளிம்பில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவது அனைவரும் செய்வதுதான். ஒட்டி முடிக்கும் இடத்தில் டேப்பின் முனையை அரை அங்குலம் உள்ளே மடித்துவிடுங்கள். அந்த மடிப்பைப் பிடித்து இழுத்தால் டேப் முழுவதும் உரிந்து வருகிறது, கத்தி தேவைப்படுவதில்லை. பயணம் முழுவதும் பிழைத்து வந்த செடியின் குருத்தை, பெற்றவரே பிளேடால் வெட்டிவிடுவதைக் காட்டிலும் எரிச்சலூட்டும் காட்சி எனக்கு வேறில்லை. பாருங்கள், இழுக்கிறேன், வந்துவிட்டது! இன்னொரு முறை காட்டுகிறேன்.

அடுத்து, தொட்டியைப் பெட்டியின் அடியோடு அசையாமல் பிணைத்து, இடைவெளிகளைக் கசக்கிய காகிதத்தால் நிரப்புங்கள். மாவுப்பொருளில் செய்த நிரப்பு உருண்டைகள் சுற்றுச்சூழலுக்கு நல்லவைதான், ஆயினும் ஈரப் பாசியின் அருகில் அவை பசையாகிவிடும். மூடிய பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் பிரித்து மீண்டும் கட்டுங்கள். ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறியை நம்பிக் குலுக்காமல் விடாதீர்கள், ஏனென்றால் வழியில் பெட்டி எப்படியும் புரளும்.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். தண்ணீர் ஊற்றுவது கட்டும் நாளில் அல்ல, அதற்கு ஓரிரு நாள் முன்பே. கள்ளி போன்ற சதைப்பற்றுள்ள செடிகளுக்குப் பல நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

குளிர்காலத்தில் சூட்டுப்பை வைப்பவர்கள் அதைப் பிளாஸ்டிக்கில் பொதியாதீர்கள். உள்ளிருக்கும் இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால்தான் சூடு பிறக்கிறது, ஆகவே காற்றை அடைத்தால் பை அணைந்துவிடும். செடியைத் தொடாதவாறு மூடியின் உட்புறத்தில், நடுவே காகிதம் வைத்து ஒட்டுங்கள். பழங்களை அதே பெட்டியில் வைக்கவே வேண்டாம். பழுக்கும்போது வெளிவரும் எத்திலீன் வாயு இலைகளை உதிர்க்கும். விடுமுறை நாளில் கிடங்கில் முடங்காதிருக்க வாரத் தொடக்கத்திலேயே அனுப்புங்கள். வெளிநாடென்றால் பல நாடுகள் மண்ணை அனுமதிப்பதில்லை, தாவர நலச் சான்றிதழும் கேட்கின்றன. அந்த விதிகளைப் பார்த்த பிறகே வேரைக் கழுவத் தொடங்குங்கள்.

பெறுபவர் அன்றே பெட்டியைத் திறந்து, செடியை நிழலான வெளிச்சத்தில் வைக்க வேண்டும். புது வேர் பிடிக்கும் வரை உரம் கூடாது. ஓரிரு இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பதற வேண்டியதில்லை.

அடடா, பெயர்ச்சீட்டு! அதைப் பென்சிலால் எழுதி உறைக்குள்ளேயே செருகுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிட்டால், இலை உதிர்ந்த குச்சியைப் படமெடுத்து, “இது என்ன செடி?” என்று அவர் உங்களையே கேட்பார்.