வெள்ளவத்தை வீட்டை விற்றால் அமெரிக்காவில் மெடிகெயார் கட்டணம் ஏறுமா?

வணக்கம், எல்லாரும் சுகமா? இன்றைக்கு வெள்ளவத்தை மரீன் டிரைவில் நின்று கதைக்கிறேன். பின்னால் ரயில் போனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மெடிகெயார் என்பது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அமெரிக்க அரசு நடத்தும் மருத்துவக் காப்புறுதி. வீட்டை விற்றால் அதன் கட்டணம் ஏறுமா?

ஏறும். லாபம் உங்கள் வருமானத்தை ஒரு வரம்புக்கு மேலே கொண்டுபோனால் பதில் அதுதான். ஆனால் விற்ற வருடத்தில் ஏறாது, இரண்டு வருடம் கழித்து ஏறும். அதனால்தான் பலருக்கு இது ஏன் வந்தது என்றே விளங்குவதில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெரியப்பாவுக்குக் கட்டணம் கூடுகிறது என்று கடிதம் வந்தபோது எனக்குப் போன் எடுத்துக் கேட்டார்: "எனக்கு ஒரு வருத்தமும் வரேல்லையே, பிறகேன் கூட்டினவங்கள்?"

நாங்கள் கொழும்பில் இருந்து யோசிப்பது அப்படித்தான். இங்கே தனியார் காப்புறுதி எடுக்கப் போனால் வயதைக் கேட்பார்கள், சீனி இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்பார்கள். போன வருடம் எவ்வளவு சம்பாதித்தாய் என்று யார் கேட்கிறார்கள்? அமெரிக்க மெடிகெயாரில் உங்கள் வருத்தத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் கூட்ட மாட்டார்கள், வருமானத்தைப் பார்த்துத்தான் கூட்டுவார்கள். டாக்டர் செலவுக்கான பார்ட் பி பகுதியில் இது 2007இல் தொடங்கியது. மருந்துக்கான பார்ட் டி பகுதிக்கு 2011இல் வந்தது. வருமானத்துக்காகக் கூடும் இந்த மேலதிகக் கட்டணத்தை அங்கே இர்மா (IRMAA) என்று சொல்வார்கள். பெயர் ஏதோ பெரியம்மா முறை மாதிரி இருக்கும், ஆனால் காசு வாங்குகிற இர்மா.

2025 கணக்கை வைத்துச் சொல்கிறேன். பார்ட் பி அடிப்படைக் கட்டணம் ஆளுக்கு மாதம் 185 டொலர். தனி ஆளின் வருமானம் 106,000 டொலரையும், சேர்ந்து வரி கட்டும் தம்பதியின் வருமானம் 212,000 டொலரையும் தாண்டாவிட்டால் அவ்வளவுதான். தாண்டினால் 259, அடுத்தது 370, அதற்கும் மேலே போய் 628.90 வரை இருக்கிறது. 2025 கட்டணத்துக்கு அவர்கள் பார்த்தது 2023 வருமானத்தை. 2026இல் அடிப்படை 202.90 ஆகிவிட்டது, வரம்புகளும் 109,000, 218,000 என்று கொஞ்சம் உயர்ந்தன.

சரி, வீட்டுக்கு வருவோம். அமெரிக்கப் பிரஜாவுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். ஒருவர் 2003இல் இங்கே 50 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கி, பூட்டி வைத்திருந்து, 2023இல் 7 கோடி 50 லட்சத்துக்கு விற்றார் என்று வைப்போம். லாபத்தை ரூபாயில் கழித்துவிட்டு டொலருக்கு மாற்றக் கூடாது. வாங்கியதை வாங்கிய காலத்து டொலர் விலையிலும், விற்றதை விற்ற காலத்து விலையிலும் மாற்றவேண்டும். 2003இல் டொலர் 97 ரூபாய் அளவில், 2023இல் 325 அளவில். அப்படிப் பார்த்தால் லாபம் ஏறக்குறைய 180,000 டொலர். ரூபாயில் பதினைந்து மடங்கு, டொலரில் நாலரை மடங்குதான். ரூபாய் விழுந்ததில் எங்களுக்கு நடந்த ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும்.

தம்பதியின் வழக்கமான வருமானம் 90,000 என்றால், இதோடு 270,000. 2025இல் ஆளுக்கு மாதம் 185க்குப் பதிலாக 370 கட்டவேண்டும். பார்ட் டிக்கும் ஆளுக்கு மாதம் 35.30 கூடும். இரண்டு பேருக்கும் சேர்த்து வருடத்துக்கு 5,287 டொலர் மேலதிகம். டொலர் 300 ரூபாய் என்று பார்த்தாலும் 15 லட்சத்துக்கு மேல்!

இதில் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். இது படிக்கட்டு மாதிரி, ஒரு டொலர் தாண்டினாலும் முழுப் படியும் ஏறிவிடும். அந்தப் படியின் விளிம்பு 266,000. அந்த 90,000இல், 401கே என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டாயமில்லாமல் எடுத்த 5,000 டொலரை அடுத்த ஜனவரிக்குத் தள்ளியிருந்தால் 265,000இல் நின்றிருப்பார்கள். மேலதிகம் 2,105 டொலராகக் குறைந்திருக்கும். ரோத் என்ற, முன்பே வரி கட்டிய காசைப் போடும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து முறைப்படி எடுத்திருந்தாலும் அது இந்த வருமானத்தில் சேராது.

"இங்கே மூலதன ஆதாய வரி கட்டினேனே, அதைக் கழிப்பார்கள்தானே?" என்று கேட்பீர்கள். அங்கே கட்டும் வரியில் அதற்குக் கழிவு கிடைக்கும். ஆனால் வருமானம் என்ற எண் குறையாது. இர்மா பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அதனால் நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதும் திகதியை அமெரிக்கக் கணக்காளரிடம் கேட்டபிறகு தீர்மானியுங்கள். டிசம்பரா ஜனவரியா என்பதில்கூட வித்தியாசம் இருக்கலாம். வருமானம் ஒரு வருடம் மட்டும் ஏறியிருந்தால் கட்டணமும் ஒரு வருடத்தில் பழையபடி இறங்கிவிடும், அதற்காகப் பயந்து விற்காமல் இருக்கத் தேவையில்லை.

65க்கு முன்னமே வேலையை விட்டவர்களுக்கு இது வேறு கதை. மெடிகெயார் வரும்வரை பலர் எடுக்கும் மார்க்கெட்பிளேஸ் காப்புறுதிக்கு (அரசு நடத்தும் சந்தையில் வாங்கும் தனியார் காப்புறுதிக்கு) வரும் அரசு உதவி அந்தந்த வருட வருமானத்தோடு கட்டப்பட்டது. வீடு விற்ற வருடத்துக்கே கணக்குத் தீர்ப்பார்கள்.

அப்புறம், ஆறு மாதம் இங்கே இருக்கிறோம், மெடிகெயார் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் காசு தராது, பார்ட் பியை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். தராது என்பது சரிதான். ஆனால் திரும்பச் சேரும்போது, விட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் தண்டம், அது பொதுவாக பார்ட் பி இருக்கும்வரை தொடரும். நான் என்றால் நிறுத்த மாட்டேன்.

மேன்முறையீடு செய்யலாமா? வேலை ஓய்வு, விவாகரத்து, துணையின் மரணம் போன்றவற்றால் வருமானம் குறைந்தால் அமெரிக்க சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தின் எஸ்எஸ்ஏ-44 (SSA-44) படிவம் நிரப்பலாம். சொந்த விருப்பத்தில் வீடு விற்றது அந்தப் பட்டியலில் இல்லை. துணையை இழந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பிறகு தனி ஆளாக வரி கட்டும்போது வரம்பு பாதியாகிவிடும், இரண்டு பேரின் சேமிப்பும் ஒருவரிடம் வந்திருக்கும். மரணம் இங்கே நடந்திருந்தால், மரணச் சான்றிதழை ஆங்கில மொழிபெயர்ப்போடு எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுங்கள்.