அந்த நாலு ஆற்ர கணக்கில?

வணக்கம் நேயர்களே. பதினைஞ்சு நிமிசம் தந்திருக்கினம், பழைய விளையாட்டுக் கணக்குகளைத் தேடி எடுக்கிறதையும் திருத்துறதையும் பற்றிக் கதையுங்கோ எண்டு. வீட்டில உந்தக் கதையைத் தொடங்கினா மனிசி அடுப்படிக்குப் போயிடுவா, பிள்ளையள் போனைக் கையில எடுத்திடுங்கள். இண்டைக்கு நீங்கள் ரேடியோவை நிப்பாட்டாத வரைக்கும் நான்தான்.

நான் கணக்கு வாத்தியாராயிருந்து இளைப்பாறினவன். சனிக்கிழமையில பள்ளிக்கூடக் கிரிக்கெட் மட்சுகளுக்கு ஸ்கோர் எழுதினவன், நாப்பது வருசம் வரும். மட்சுக்குப் போறியள், கச்சான் வாங்குறியள், பாண்ட் அடிக்குது, பெடியள் கொடியோட ஓடுறாங்கள், மைதானத்தின்ர ஒரு மூலையில மேசை போட்டு ரண்டு பேர் குனிஞ்சபடி எழுதிக்கொண்டிருப்பினம், அவையை ஆரும் திரும்பிப் பாக்கிறதில்லை. ஒருத்தர் இந்தப் பள்ளிக்கூடம், மற்றவர் அந்தப் பள்ளிக்கூடம். அம்பயர் கையைக் காட்டினா நாங்களும் கையைக் காட்டோணும், கண்டிட்டம் எண்டு. ஓவர் முடிய ரண்டு பேரும் கணக்கு ஒத்துப் பாக்கோணும். சண்டையும் வரும். பிளேன்ரீ வந்தா சண்டை நிக்கும்.

ஒரு பழைய ஸ்கோர் கொப்பி சரியோ பிழையோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? சின்ன விசயம், கடைக் கொப்பி பாக்கிற மாதிரித்தான். துடுப்பாடின ஆக்களின்ர ஓட்டத்தையும், ஒருத்தற்ர பேரிலயும் சேராத உதிரி ஓட்டத்தையும் கூட்டினா மொத்தம் வரோணும். மற்றப் பக்கத்தால, போலர்மார் குடுத்த ஓட்டத்தோட, பந்து துடுப்பில படாமல் எடுத்த பைஸ், லெக் பைஸ் ரண்டையும் கூட்டினாலும் அதே மொத்தம் வரோணும். இதில ஒரு பொறி இருக்கு. எண்பதுகளின்ர நடுப்பகுதி வரைக்கும், பிழையாப் போட்ட பந்துக்கு வாற வைட், நோபோல் ஓட்டத்தை போலரின்ர கணக்கில போடுறதில்லை. இப்பத்தைப் பெடியள் பழைய கொப்பியை எடுத்து இண்டைய முறையில கூட்டிப்போட்டு, "சேர், இதில அஞ்சு ஓட்டம் இடிக்குது" எண்டு ஓடி வருவாங்கள். இடிக்கேல்லைத் தம்பி, அண்டைக்குச் சட்டம் அப்பிடி. எழுதின காலத்தின்ர சட்டத்தைத் தெரிஞ்சுகொண்டுதான் பழைய கொப்பியைத் தொடோணும். இதை நான் இன்னும் ரண்டு மூண்டு தரம் சொல்லுவன், குறை நினையாதேங்கோ.

சரி, என்ர கதைக்கு வாறன். அஞ்சாறு வருசத்துக்கு முந்தி ஒருநாள் விடியப்புறம் கனடாவில இருந்து போன். "சேர், என்னைத் தெரியுதோ?" குரலில எங்க பிடிபடுது. பிறகு பேரைச் சொன்னான், எண்பதுகளின்ர தொடக்கத்தில எங்கட பள்ளிக்கூடத்துக்கு விளையாடின பெடியன். இப்ப அவனுக்கே பேரப்பிள்ளை இருக்கு. சுகம் விசாரிச்சுப்போட்டு விசயத்துக்கு வந்தான். "சேர், அந்த மட்சில நான் 48 இல்லை, 52. நீங்கள் ஒரு நாலை மற்றவன்ர பேரில போட்டிட்டியள். அண்டைக்கே சொல்ல நினைச்சனான், உங்களில பயம்."

எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு பாருங்கோ. ஊராற்ர பிழையைத் திருத்திக்கொண்டு திரியிற எனக்கு, என்ர கையெழுத்திலயே பிழையாம்.

கொப்பி என்னட்ட இருந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில சண்டையால வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட அண்டு இரவு, யூரியா பை ஒண்டுக்குள்ள ஸ்கோர் கொப்பியளைப் போட்டு சைக்கிளில கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டு போனனான். மனிசி இண்டைக்கும் சொல்லுவா, சோத்துப் பானையை விட்டிட்டுக் கொப்பியைக் கொண்டுவந்த மனுசன் எண்டு. அவ சொல்லுறதும் சரிதான், அங்க போய்ச் சேர்ந்து ரண்டு நாள் இரவல் பானையிலதான் சமைச்சது.

கொப்பியை எடுத்துக் கூட்டிப் பாத்தன். இந்தப் பக்கத்தால சரி, அந்தப் பக்கத்தால சரி, மொத்தமும் சரி. இதுதான் பயங்கரமான பிழை, நேயர்களே. ஒரு நாலை எழுதாமல் விட்டிருந்தா கூட்டல் காட்டிக் குடுத்திடும். ஒருத்தன்ர நாலை மற்றவனுக்குப் போட்டா கூட்டல் வாயே திறக்காது. இந்த மாதிரிப் பிழையைப் பிடிக்க ஒரே வழி, மட்சைத் திரும்ப விளையாடிப் பாக்கிறது. மைதானத்தில இல்லை, மேசையில. கொப்பியில போலர்மாரின்ர பந்துகளை எழுதின பெட்டியை ஓவர் ஓவரா எடுத்து, ஒவ்வொரு பந்துக்கும் ஆர் துடுப்போட நிண்டது எண்டு பக்கத்துக் கொப்பியில எழுதிக்கொண்டு வரோணும். மூண்டு இரவு எடுத்தது.

மூண்டாம் இரவு பிடிபட்டுது. இதை மெதுவாச் சொல்லுறன், நீங்களும் மனசில வைச்சுப் பாருங்கோ. கனடாக்காரனும் இன்னொருத்தனும் துடுப்பாடிக்கொண்டு நிக்கினம். அந்த மற்றவனைக் கடைக்காரன் எண்டு வைப்பம், இப்ப அவனுக்கு ரவுணுக்குள்ள பலசரக்குக் கடை. ஒரு ஓவரின்ர கடைசிப் பந்தில கடைக்காரன் ஒரு ஓட்டம் எடுக்கிறான். கடைசிப் பந்தில ஒண்டு எடுத்தா அடுத்த ஓவரின்ர முதல் பந்தும் அவனுக்குத்தான், இது எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஓவர் பெட்டியில இருக்கிறது இதுதான்: ஒண்டு, புள்ளி, நாலு, பிறகு மூண்டு புள்ளி. முதல் பந்தில கடைக்காரன் ஒண்டு எடுத்து அங்கால போயிட்டான். இப்ப துடுப்போட நிக்கிறது ஆர்? கனடாக்காரன். ரண்டாம் பந்தில ஓட்டம் இல்லை. மூண்டாம் பந்தில நாலு. நான் என்ன செய்திருக்கிறன்? ஒண்டையும் நாலையும் கடைக்காரன்ர பேருக்கு நேரயே எழுதியிருக்கிறன். ஒண்டு எடுத்து மற்றப் பக்கம் போனவன், திரும்பி வராமல் எப்பிடி நாலு அடிக்கிறது?

பிழை என்னிலதான். அந்த நேரம் பிளேன்ரீ வந்திருக்கும் எண்டு நினைக்கிறன்.

சரி எண்டு கடைக்காரனிட்டப் போனன், ஏனெண்டா ஒருத்தனுக்கு நாலு கூட்டினா மற்றவனுக்கு நாலு குறையும், அவனுக்குச் சொல்லாமல் செய்யிறது முறையில்லை. அவன்ர 27, 23 ஆகப்போகுது. அவன் கேட்டுப்போட்டுச் சிரிச்சான். "சேர், அந்த நாலு நான் அடிச்சது. நல்ல நினைவிருக்கு. பந்து அங்கால வீட்டுக் கிணத்துக்க விழுந்தது, வாளி விட்டு எடுத்தது." எனக்குத் தலை சுத்திச்சு, ஏனெண்டா கனடாக்காரனும் போனில இதைத்தான் சொன்னவன், பந்து கிணத்துக்க விழுந்தது எண்டு. திரும்ப வந்து கொப்பியைப் பாத்தா, ஓரத்தில பென்சிலால நான் எழுதியிருக்கிறன், "பந்து மாத்தினது" எண்டு. அது இருக்கிறது வேற ஓவருக்கு நேர. கிணத்துக்க விழுந்த நாலை அடிச்சது இவை ரண்டு பேருமில்லை, பின்னுக்கு வந்து மொத்தமா 9 ஓட்டம் எடுத்த ஒரு பெடியன். அவன் இப்ப லண்டனில. போன் போட்டுக் கேட்டன். "கிணறோ? எனக்கொண்டும் நினைவில்லை, சேர்" எண்டான்.

கொப்பியில 48 ஐ அழிக்கேல்லை. வாசிக்கக்கூடிய மாதிரி ஒரு கோடு கீறி, பக்கத்தில சிவப்புப் பேனையால 52, திகதி, காரணம், என்ர கையொப்பம். பிழையை றப்பரால அழிக்கக் கூடாது. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து என்ர திருத்தமே பிழை எண்டு காட்டக்கூடும், அதுக்கு அவருக்குப் பழைய இலக்கம் தேவை. கடைக்காரன் கோவிக்கேல்லை. கடைக்குப் போனா மட்டும், "சேருக்கு முட்டையில நாலைக் குறைச்சுக் கட்டு" எண்டு பெடியனுக்குச் சொல்லுவான்.

உலகத்திலயும் இந்த நாலு ஓட்டக் கதை இருக்கு. அவுஸ்திரேலியத் துடுப்பாட்டக்காரர் பிரட்மனின்ர ரெஸ்ட் சராசரி 99.94, சின்னப் பிள்ளையும் சொல்லும். 80 இன்னிங்ஸ், 10 தரம் ஆட்டமிழக்காமல், 6,996 ஓட்டம், அதை ஆட்டமிழந்த 70 ஆல பிரிக்கோணும். இன்னும் ஒரு நாலு இருந்திருந்தா சரியா 7,000, சராசரி நூறு. அந்த நாலு எங்கயாவது வேற ஆளின்ர பேரில ஒளிஞ்சு கிடக்குதோ எண்டு பழைய ஸ்கோர் புத்தகங்களைப் பந்து பந்தாக் கிளறின ஆக்கள் இருக்கினம். என்ர ஆசையைச் சொன்னா, அது கிடைக்காமல் இருக்கிறதுதான் நல்லது. 99.94 எண்டதில ஒரு வடிவு இருக்கு.

பிரட்மன் எண்ட உடனதான் இந்தக் கதை, சொல்லாமல் விடமாட்டன். 1948 மார்ச்சில அவுஸ்திரேலிய ரீம் கப்பலில இங்கிலாந்துக்குப் போற வழியில கொழும்பில இறங்கி ஒருநாள் மட்ச் விளையாடினவை. இடம் கொழும்பு ஓவல், இப்ப தமிழ் யூனியனின்ர சரவணமுத்து மைதானம். சிலோன் ரீமுக்குக் கப்டன் எங்கட சதாசிவம், முந்தின வருசம் சென்னைச் சேப்பாக்கத்தில 215 அடிச்ச அதே மகாதேவ சதாசிவம். போலர்மாருக்கு என்னவோ இடிக்குது, அளந்து பாத்தா பிட்ச் 22 யார் இல்லை, 20 யார்! ரண்டு யார் குறைவு. பந்து போடுறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் ஆறு அடி கிட்ட. இப்ப சொல்லுங்கோ, அண்டைக்கு எடுத்த ஓட்டத்தையும் விக்கெட்டையும் என்ன செய்யிறது? அது முதல்தர மட்ச், அதாவது சாதனைக் கணக்கில சேர்க்கிற பெரிய மட்ச், இல்லை எண்டபடியால் கணக்குக்காரர் தப்பினவை. நான் எண்டா எழுதிவைச்சுப்போட்டுக் கீழ ஒரு வரி போடுவன், "பிட்ச் 20 யார்" எண்டு. ஒரு வரி போதும். அந்த வரி இல்லாட்டி இலக்கம் பொய் சொல்லும்.

எதைக் கணக்கில சேர்க்கிறது எண்டதுதான் கனக்க இடத்தில பிரச்சினை. இங்கிலாந்துக்காரர் ஜக் ஹொப்ஸ் முதல்தரத்தில 197 சதம் எண்டும் இருக்கு, 199 எண்டும் இருக்கு. மேலதிக ரண்டும் 1930-31 இல விசியநகரம் இளவரசரின்ர ரீமோட இந்தியாவுக்கும் சிலோனுக்கும் வந்த நேரம் அடிச்சது, அந்த மட்சுகளை முதல்தரம் எண்டு எடுக்கிறதோ இல்லையோ எண்டதில வந்த வித்தியாசம். இன்னொரு பழைய இங்கிலாந்துக்காரர் டபிள்யூ.ஜி. கிரேசுக்கு 126 சதம், ஆராய்ஞ்சு பாத்த ஆக்கள் 124 எண்டு குறைச்சவை. எங்கட முரளியைக் கேட்டா 800 விக்கெட், எல்லாருக்கும் தெரியும். அதில 5, 2005 இல உலக அணிக்கு விளையாடி எடுத்தது. இலங்கைக்காக எத்தினை எண்டு கேட்டா 795. ரண்டும் சரி. கேள்வியைச் சரியாக் கேக்கோணும், அவ்வளவுதான்.

வடக்கின் பெருஞ்சமரும் அப்பிடித்தான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் மோதுற கிரிக்கெட் மட்ச், 1904 இல தொடங்கினது. 2019 வரைக்கும் விரல் விட்டு எண்ணினா 116 வருசம், ஆனா 2019 இல விளையாடினது 113 ஆவது ஆட்டம். வருசத்தைக் கழிச்சு எத்தினையாவது ஆட்டம் எண்டு போடுற ஆக்கள் தயவுசெய்து அதை விடுங்கோ.

ஓட்டப் பாய்ச்சலில வேற மாதிரி வில்லங்கம். எதிர்வீரசிங்கம் ஐயா, மத்திய கல்லூரிப் பழைய மாணவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில உயரம் பாய்தலில தங்கம். 6 அடி 8 அங்குலம். அதை மீட்டருக்கு மாத்தினா 2.032, எழுதுறது 2.03. வேற ஒருத்தர் வந்து 2.03 ஐத் திருப்பி அடிக்கு மாத்தினா 6 அடி 7.9 வருது. மூண்டாமவர் புள்ளிக்குப் பின்னால இருக்கிறதை வெட்டினா 7 அங்குலம். தடியில ஆரும் கை வைக்காமலே மனுசன் ஒரு அங்குலம் இறங்கியிட்டார்! அளந்த அலகிலேயே முதல் எழுதுங்கோ, மாத்தினதைப் பக்கத்தில எழுதுங்கோ.

தம்பி கண்ணாடிக்கு அங்கால இருந்து விரலைக் காட்டுறார், மூண்டு நிமிசமாம். நான் இன்னும் பாதிக்கும் வரேல்லை.

பேர் விசயத்தைக் கெதியாச் சொல்லுறன். எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பேர் இல்லை, தேப்பன்ர பேரின்ர முதலெழுத்துத்தான். அண்ணனும் தம்பியும் ஒரே ரீமில விளையாடினா ரண்டு பேருக்கும் ஒரே எழுத்து. ஒருத்தரின்ர பேரையே இங்கிலிசில ஒரு வருசம் ஒரு மாதிரியும் அடுத்த வருசம் வேற மாதிரியும் எழுதுவினம், பிறகு பாத்தா ஒரு ஆள் ரண்டு ஆளாப் போயிருப்பார். இதைத் தீர்க்க ஒரே வழி ஊரில வயசுபோன ஆக்களைக் கேக்கிறது. கிணத்துக் கதையைக் கேட்டனீங்கள்தானே, அதையும் அப்பிடியே நம்ப ஏலாது.

பத்திரிகையில பாக்கலாமே எண்டு கேப்பியள். 1981 இல எங்கட யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்ச அந்த நாளில ஈழநாடு பத்திரிகைக் கந்தோரும் எரிஞ்சது. தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் எண்டு சொல்லுவினம், அதோட எத்தினை மட்சின்ர ஸ்கோரும் போயிருக்கும். இப்ப இணையத்தில நூலகம் திட்டத்துக்குள்ள பழைய பள்ளிக்கூட மலர்கள் ஏத்தி வைச்சிருக்கினம், நான் இரவிரவா அதுக்குள்ளதான். மலரில கடைசிப் பக்கங்களில விளையாட்டு அறிக்கை இருக்கும், ஆரும் வாசிக்காத பக்கம், எனக்கு அதுதான் பால்சோறு.

கடைசியா வலைப்பந்தாட்டம் பற்றிக் கதைக்கிறதுக்கு ஒரு முழுத்தாள் எழுதிக்கொண்டு வந்தனான், பெட்டையளின்ர விளையாட்டுக்கு ஸ்கோர் தாளை மட்ச் முடியவே கச்சான் சுத்தக் குடுத்திடுவினம், அதைப்பற்றி எனக்குப் பெரிய கோவம் இருக்கு, ஊர்க் கழகங்களின்ர கரப்பந்தாட்டம், ஓவர் கேம், அதுகளும் இருக்கு, ஒண்டுக்கும் நேரமில்லையாம். தம்பி இப்ப ரண்டு கையையும் காட்டுறார். வலைப்பந்து விளையாடின அக்காமார் ஆரும் கேட்டுக்கொண்டிருந்தா, ட்ரங்குப் பெட்டிக்குள்ள பழைய தாள் இருந்தா எறியாதேங்கோ, நிலையத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கோ, நான் சைக்கிளில வாறன். தாளில பிழை இருந்தாலும் பரவாயில்லை. வணக்க…