நிக்காஹ் விண்ணப்பத்தில் தெரியவரும் பிறப்பு

நேயர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மலேசிய முஸ்லிம் குடும்பங்களில் தத்தெடுத்து வளர்க்கப்பட்டு, இன்று நடுவயதை எட்டிவிட்டவர்களின் மனநலம் குறித்துப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். தத்துப்பிள்ளை என்றதும் தொட்டில் குழந்தைதான் நம் நினைவுக்கு வருகிறது. அக்குழந்தை வளர்ந்து, தானும் பிள்ளை பெற்றபின் அதன் மனத்தில் என்ன இருக்கிறது என்று எவரும் விசாரிப்பதில்லை.

1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இங்கே முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. தீபகற்பத்தில் அவர்கள் நாடுவது அதே ஆண்டில் வந்த தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தை. அதன்படி பதிந்தாலும் ஷரீஅத்தில் வம்சம் மாறுவதில்லை. ஃபராயிள் எனும் இஸ்லாமிய வாரிசுப் பங்கீட்டு முறையில் வளர்த்தவரின் சொத்தில் பங்கில்லை. உயிரோடிருக்கையில் ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாகக் கொடுக்கலாம்; வஸிய்யத்தாக, அதாவது உயிலாக மூன்றில் ஒரு பங்குவரை எழுதலாம். சொத்துக்கு வழி இருக்கிறது.

மனம் உடைவது பல வீடுகளில் நிக்காஹ் விண்ணப்பத்தின்போதுதான். வாப்பாவே வலீயாக, அதாவது மணப்பெண்ணின் பொறுப்பாளராக நின்று தன்னை மணமுடித்துக் கொடுப்பார் என்று நம்பியிருந்த மகளிடம், அவர் நிற்க முடியாது, தந்தைவழிப் பொறுப்பாளர் இல்லாதபோது அவரிடத்தில் நிற்கும் அதிகாரியான வலீ ஹாக்கிம்தான் நிற்பார் என்று அலுவலர் ஒருவர் சொல்லும்போது, இத்தனை ஆண்டுகள் வீட்டார் மறைத்து வைத்த செய்தி அந்நியர் வாயிலிருந்து வந்து விழுகிறது. இங்கே பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹப் எனும் சட்டப் பிரிவில், மஹ்ரம் அல்லாத, அதாவது மணமுடிக்கத் தடையில்லாத ஆணைத் தொட்டால் ஒளு எனும் தொழுகைக்கான தூய்மை முறியும் என்பதால், பெருநாள் காலையில் வாப்பாவின் கையை முத்தமிட்டு ஸலாம் சொல்லிவந்த அதே மகள், அடுத்த பெருநாளில் கையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறாள். அதைப் பேணுதல் என்று மெச்சும் உறவினர்கள், எதிரே நிற்கும் முதியவரின் முகத்தைக் கவனிப்பதில்லை. இரண்டு வயதுக்குள் ஐந்து முறை பாலூட்டினால் பால்குடி உறவு உண்டாகி, பிள்ளை அக்குடும்பத்துக்கு மஹ்ரம் ஆகிவிடும் என்பதால், இப்போது சில வளர்ப்புத் தாய்மார் சிகிச்சை எடுத்துப் பால் சுரக்கச் செய்துகொள்கிறார்கள்; வளர்ந்துவிட்டவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

இதற்கு மார்க்கத்தைக் குறைகூறுவோரோடு நான் உடன்படவில்லை. நபிகளாரின் வளர்ப்பு மகனாக இருந்து, முஹம்மதின் மகன் ஸைத் என்று அழைக்கப்பட்டவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனது, வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையர் பெயராலேயே அழையுங்கள், தந்தையரைத் தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்று திருக்குர்ஆனின் 33ஆவது அத்தியாயம் கூறியபின்னரே. பிறப்பை மறைக்காதே என்பதே அதன் உட்பொருள். நாமோ பாசத்தின் பெயரால் பிறப்பை மறைத்துவிட்டு, திருமண நாளில் சட்டத்தை மட்டும் எடுத்து நீட்டுகிறோம். இந்திய முஸ்லிம் வீடுகளில் தத்தெடுக்கப்பட்டுத் தமிழ் பேசி வளர்ந்த சீனப் பெண்களுக்கு முகமே உண்மையைச் சொல்லிவிட்டது. அவர்கள் வேறு விதங்களில் துன்பப்பட்டிருக்கலாம், ஆனால் இந்த அதிர்ச்சி அவர்களுக்கு நேரவில்லை.

ஆகவே மஹ்ரம் விதிகள் நடைமுறைக்கு வரும் பருவத்துக்கு முன்பே வளர்த்தவர்கள் பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெற்றவளின் பெயர், ஊர், குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டா என்பது வரை தெரிந்ததை எழுதி வைப்பது நல்லது. வளர்ந்தபின் ஒருவர் பெற்றவளைத் தேடிப் புறப்பட்டால் அவரை நன்றி கெட்டவர் என்று ஜமாஅத்தில் பேசுவதை விட்டுவிட்டு, பழைய பதிவுகளைத் தேடி எடுக்க அவரோடு ஒருவர் அலுவலகம் வரை போய்வரலாம்.